வேலைப் பாட்டு ஆவணப்படங்கள்: தோட்ட வாசிகசாலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

மேட்டுலயம் (மஸ்கெலியா)

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த வாசிகசாலையைப் போன மாதம் திறந்தோம். கூரையில் இரண்டு தகரம் மாற்றினோம், உள்சுவர் ஒன்றுக்கு வெள்ளை அடித்தோம். அந்தச் சுவரில் மாதம் ஒரு படம் காட்டப் போகிறோம். எல்லோரும் ஏற்கெனவே பார்த்த சினிமாவை மறுபடி காட்ட எனக்கு மனமில்லை. பாட்டையும் பாடுகிறவர்களையும் பற்றிய ஆவணப்படங்கள், சொந்தக் காசும் கடன் காசும் போட்டுத் தனியாட்கள் எடுத்த படங்கள், இவற்றைத்தான் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கத்தான் இந்த இழை. நான் எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு, கோயில் மேட்டில் உட்கார்ந்து (எங்களுக்குச் சிக்னல் அங்கேதான்) ஃபோக்ஸ்ட்ரீம்ஸ் என்ற தளத்தைத் திறந்தேன். அமெரிக்க நாட்டார் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படங்களை இலவசமாகப் பார்க்க வைத்திருக்கும் தளம் அது. நான் பார்த்த படம் அரை மணி நேரம்தான். டெக்சஸ் மாநிலத்துச் சிறை ஒன்றுக்கு 1966-இல் பாடகர் பீட் சீகரும் அவர் மனைவி டோஷியும் ஆய்வாளர் புரூஸ் ஜாக்சனும் போய் எடுத்தது. கறுப்பினக் கைதிகள் கோடரியால் மரம் வெட்டுகிறார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், தாளம் விழுகிற இடத்தில் கோடரிகள் எல்லாம் ஒன்றாக மரத்தில் விழுகின்றன. ஒரே மரத்தைச் சுற்றி நின்று பலர் வெட்டும்போது தாளம் தப்பினால் பக்கத்து ஆள் மேல் கோடரி பட்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரும் ஒரே வேகத்தில் வெட்டினால் உடம்புக்கு முடியாதவன் தனியே தெரிய மாட்டான், காவல்காரன் கண்ணில் பட மாட்டான். இளைத்தவனை மறைத்துக் காப்பாற்றுவதற்காகவும் ஒரு பாட்டு இருக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மலையில் பாடுவார், அடுப்படியில் பாடுவார், சாவு வீட்டில் அவர் ஒப்பாரி எடுத்தால் ஆண்களும் எழுந்து வெளியே போய் நிற்பார்கள். அவர் பாடியதில் இரண்டு அடிக்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பதிவும் இல்லை. டெக்சஸ் சிறைக் கைதியின் குரல் அறுபது வருடத்துக்குப் பிறகு மஸ்கெலியாவில் ஒரு கோயில் மேட்டில் கேட்கிறது, என் அம்மாயியின் குரல் என் வீட்டிலேயே இல்லை.

அதே தளத்தில் ‘கேண்டி டான்சர்ஸ்’ என்ற 1994-ஆம் வருடப் படம் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் ரயில் பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் கடப்பாரையைத் தண்டவாளத்தின் கீழ் கொடுத்து, தலைவன் குரலுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் நெம்பித் தண்டவாளத்தை நேராக்குகிறார்கள். இயந்திரம் வந்த பிறகு அந்தக் குரல் ஓய்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற கிழவர்கள் கூடி மறுபடி செய்து காட்டுகிறார்கள். கொட்டகலையிலும் நானுஓயாவிலும் ரயில் பாதையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

என் யோசனை: முதல் மாதம் டெக்சஸ் படம், இரண்டாம் மாதம் ரயில் பாதைப் படம். பிறகு என்ன? மொழி புரியாதவர்களுக்கு எப்படிக் காட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனிமூட்டம் (தலவாக்கலை)

டேட்டா கணக்கை முதலில் போடுங்கள் தம்பி. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 450 மெகாபைட் எடுக்கும். ஒன்றரை மணி நேரப் படமானால் 675. ஒலி மட்டும் 128 கிலோபிட் என்றால் மணிக்கு 58 மெகாபைட்தான். ஆகவே டேட்டா குறைவாக இருந்தால் படத்தின் தெளிவைக் குறையுங்கள். ஆனால் 360-க்குக் கீழே போக வேண்டாம், அதற்குக் கீழே ஒலியும் மங்குவதாக என் காதுக்குப் படுகிறது. பாட்டுப் படத்தில் ஒலி போனால் எல்லாமே போயிற்று. வாடகைக்கு எடுக்கும் புரொஜெக்டரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரையும் நம்ப வேண்டாம். கோயில் திருவிழாவுக்குப் போடும் பெட்டியில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சத்தத்தைப் பாதியில் வையுங்கள்.

ராகலைக்காரன் (கொழும்பு)

அண்ணா, நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன். இரவு பதினொரு மணிக்கு அறைக்கு வந்து படுத்துக்கொண்டு பார்ப்பது இந்த மாதிரிப் படங்கள்தாம். ‘சேர்ச்சிங் ஃபோர் சுகர் மேன்’ பார்த்திருக்கிறீர்களா? டெட்ரொய்ட் நகரத்தில் கட்டட வேலை செய்து பிழைத்த ரொட்ரிகஸ் என்ற பாடகர், தம் பாட்டைத் தென்னாபிரிக்காவில் வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள் என்பது தெரியாமலே பல வருடம் வாழ்ந்திருக்கிறார். இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் கையில் பணம் தீர்ந்ததும் கடைசிக் காட்சிகள் சிலவற்றைக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றால் எடுத்தார். 2012-இல் வந்த படம், அடுத்த வருடம் ஒஸ்கார் வாங்கியது.

எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. இவை டெலிகிராமில் கிடைக்கின்றன, நானும் அப்படித்தான் பார்த்தேன். என்னிடம் கடன் அட்டை இல்லை. பல தளங்களில் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்றுதான் வருகிறது. காசு கொடுக்க மனம் இருந்தும் வழி இல்லாதவன் என்ன செய்வது?

மேட்டுலயம் (மஸ்கெலியா)

தம்பி, உங்கள் சங்கடம் எனக்கும் இருந்தது. ஒருவன் அறையில் தனியே பார்ப்பதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேரைக் கூட்டி உட்கார வைத்துத் திருட்டுப் பிரதியைப் போட எனக்குக் கை வராது. பெரிய கம்பனிப் படமாக இருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இவர்கள் வீட்டை ஈடு வைத்துப் படம் எடுப்பவர்கள்.

‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று ஏன் வருகிறது என்பதை நான் தேடிப் படித்தேன். பாட்டுப் படத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு உரிமை வாங்க வேண்டும்: பாட்டை எழுதி மெட்டமைத்தவரின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. எந்தெந்த நாட்டில், எத்தனை வருடத்துக்கு என்று கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள். கையில் காசில்லாத இயக்குநர் விழாக்களில் காட்டும் அளவுக்கு மட்டும் வாங்குவார், பிறகு படம் பெட்டிக்குள் போய்விடும். லொஸ் ஏஞ்சலிஸில் ஆடு வெட்டும் கூடம் ஒன்றில் வேலை செய்யும் கறுப்பினக் குடும்பத் தலைவரைப் பற்றிச் சார்ல்ஸ் பேர்னெட் என்ற மாணவர் வார இறுதி நாள்களில் எடுத்த ‘கில்லர் ஒஃப் ஷீப்’, 1970-களில் முடிந்த படம். அதில் வரும் பாட்டுகளின் உரிமையைத் தீர்க்க முடியாமல் 2007-இல்தான் திரையரங்குக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தைச் சொன்ன ‘ஐஸ் ஒன் த பிரைஸ்’ தொடரும் பழைய படத்துண்டுகளுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய உரிமை காலாவதியானதால் பல வருடம் காட்ட முடியாமல் கிடந்தது.

ஆகவே நான் செய்தது இதுதான். ஓர் இயக்குநருக்கு நேராக மின்னஞ்சல் எழுதினேன். நாங்கள் யார், எத்தனை பேர், நுழைவுக் கட்டணம் கிடையாது, மழை நாளில் எப்படி உட்காருவோம் என்பது வரை எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தரவிறக்கிக்கொள்ள இணைப்பும் அனுமதியும் தந்தார், காட்டிய பிறகு என்ன பேசினார்கள் என்று எழுதும்படி மட்டும் கேட்டார். எழுதிக் கேளுங்கள். தனியாக எடுப்பவர்கள் தம் படத்தை யாராவது பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பவர்கள்.

கேட்காமலே திறந்து கிடப்பவையும் உண்டு. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் படங்களில் பலவற்றை 2009-இலிருந்து இலவசமாகத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. நோர்மன் மெக்லாரன் 1949-இல் பிலிம் சுருள் மேலேயே நேராக வண்ணம் தீட்டியும் கீறியும், ஒஸ்கார் பீட்டர்சனின் பியானோவுக்கு ஏற்ப அந்த வண்ணங்களை ஆட வைத்த படம் அங்கே இருக்கிறது. எட்டு நிமிடம், ஒரு வசனம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் காட்டினேன், மறுபடி போடு மறுபடி போடு என்று நான்கு தடவை பார்த்தார்கள். ஷப்னம் விர்மானி கபீர் பாடல்களைத் தேடி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அலைந்து எடுத்த படங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனந்த் பட்வர்தன் தம் ‘விவேக்’ படத்தைப் பகுதி பகுதியாக அங்கேயே ஏற்றினார். அவருடைய ‘ஜெய் பீம் கொம்ரேட்’ நான் பார்த்த பாட்டுப் படங்களில் தலையானது. 1997-இல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் உயிரை விட்ட பாடகர் விலாஸ் கோக்ரேயிலிருந்து படம் தொடங்குகிறது. பதினான்கு வருடம் எடுத்திருக்கிறார்.

கொழுந்துக்கூடை (பண்டாரவளை)

நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தம்பி, உங்கள் பட்டியல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு மறுப்பு. டெக்சஸ் பாட்டையும் நம் பாட்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கோடரி வெட்டும் ஆட்களுக்கு ஒரே தாளம் வேண்டும். கொழுந்து எடுப்பவளுக்கு அது வேண்டாம். ஒவ்வொருத்தி விரலும் அவளவள் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறைக்கு ஓடுகிறது. அதனால்தான் மலையில் நம் பெண்கள் பாடியது தனிக் குரல் பாட்டு. கூட்டத் தாளம் எங்கே இருந்தது? விடியலில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) எழுப்பிய தப்பு மேளத்தில் இருந்தது, காமன் கூத்தில் இருந்தது, கும்மியில் இருந்தது. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால், நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

அதனால் நான் முதலில் காட்டச் சொல்வது ‘சோங் ஒஃப் சிலோன்’. பாசில் ரைட் 1934-இல் எடுத்தது, சுமார் நாற்பது நிமிடம், இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம். லயனல் வென்ட் பின்னணியில் பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸின் பழைய எழுத்தை வாசிக்கிறார். மூன்றாம் பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். அங்கே காட்சி ஒன்று, ஒலி வேறொன்று: மனிதர்கள் வேலை செய்வதைப் பார்க்கிறோம், காதில் சந்தை விலையும் கப்பல் செய்தியும் கேட்கிறது. ஒலியைக் கொண்டு எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அந்தப் பத்து நிமிடம் போதும், இன்றைக்கும் அசந்து போகிறேன். ஆனால் தேயிலைப் பணத்தில் எடுத்த அந்தப் படத்தில் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர்கூடத் தம் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை. இதை என் வகுப்பில் காட்டிவிட்டு, ‘இவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார், எழுதுங்கள்’ என்றேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கு அடுத்ததாக ‘ஹார்லன் கவுண்டி, யூ.எஸ்.ஏ.’. கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தோடு பார்பரா கொப்பல் தங்கியிருந்து எடுத்து 1976-இல் வெளியிட்டது. இதைப் பாட்டுப் படம் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை, ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் படம் நிற்காது. 1931-இல் ஒரு சுரங்கப் போராட்டத்தின்போது ‘நீ எந்தப் பக்கம்’ என்று கேட்டுப் பாட்டுக் கட்டிய ஃபுளோரன்ஸ் ரீஸ், நாற்பது வருடத்துக்குப் பிறகு கிழவியாக மேடையேறி அதே பாட்டை இந்தத் தலைமுறைக்குப் பாடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மீனாட்சி அம்மையின் நினைவு வரும். தம் கணவரும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர், 1940-இல் பாட்டுப் புத்தகம் போட்டவர். அவர் எழுத்தை வாசித்திருக்கிறேன். குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

மொழிக்கு வழி: விஎல்சி செயலியில் படத்தோடு ஓடும் எஸ்ஆர்டி என்ற வசன வரிக் கோப்பை நீங்களே எழுதலாம். வரிசை எண், கீழே தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழே தமிழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று வைத்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அரை மணி நேரப் படத்துக்கு எனக்கு மூன்று இரவு பிடித்தது. ஆனால் வாசிக்கத் தெரியாத பாட்டிமார் முன்வரிசையில் இருப்பார்கள், அவர்களுக்காக ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும். பேச்சு வரும் இடத்தில் மட்டும் சொல்லுங்கள். பாட்டு தொடங்கினால் வாயை மூடிவிட வேண்டும், எவ்வளவு முக்கியமான வரியாக இருந்தாலும்.

ராகலைக்காரன் (கொழும்பு)

டீச்சர், அந்தப் பிள்ளைகள் எழுதியதை இங்கே பகிர முடியுமா? பெயர் இல்லாமல் போட்டாலும் போதும்.

டிக்கோயாத் தப்பு

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறது. மாசியில் கம்பம் நட்டால் மதனை எரிக்கும் இரவு வரை கை ஓயாது. காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, விரலால் தட்டி, மறுபடி காய்ச்சுவோம். என் அண்ணன் தப்பை விட்டுவிட்டார். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு முற்றத்துக்கு வெளியே நிறுத்துகிறவர்கள், மேடையில் ‘எங்கள் கலை’ என்று கைதட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் விடாததற்கு ஒரு படமும் காரணம். ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் தமிழ்நாட்டுப் பறைக் கலைஞர்களைப் பற்றி எடுத்தது, 2011-இல் வந்தது. வாசிக்கிறவர்களே இது இசை என்று எடுத்துச் சொல்கிறார்கள். திண்டுக்கல் சக்தி குழுப் பெண்கள் பறை அடிப்பதையும் அவர் தனிப் படமாக எடுத்திருக்கிறார். அதை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த நாள் காலை அவள் தப்பைத் தூக்கித் தோளில் மாட்டிப் பார்த்தாள்.

ஆகவே பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பதிவும் செய்யுங்கள். செய்யும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். அரிதா ஃபிராங்க்ளின் 1972-இல் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவு பாடினார், சிட்னி பொலக் படம் பிடித்தார். எடுப்பு தொடங்கும்போது அடையாளத்துக்குத் தட்டும் கிளாப் கட்டையைத் தட்டவில்லை. எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று பொருத்த முடியாமல் சுருள்கள் கிடந்தன. கணினி வந்த பிறகுதான் பொருத்தினார்கள், 2018-இல் படம் வெளிவந்தபோது பாடியவர் உயிரோடு இல்லை. இரண்டு கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் தொடக்கத்தில் கெமராவுக்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். அந்த ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பிறகு பொருத்திவிடலாம்.

தப்புக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்தால் ஒலி உடைந்து போகும். பதினைந்து அடி தள்ளி ஒன்று, பாடுகிறவர் பக்கத்தில் ஒன்று. பாடியவர் பெயர், தோட்டம், திகதி, யாரிடம் கற்றார் என்பதை அவர் குரலிலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். இணையத்தில் போடலாமா என்று கேட்டு, அதற்கு அவர் சொல்லும் பதிலையும் பதியுங்கள். என்னிடம் பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் தருவேன்.

பனிமூட்டம் (தலவாக்கலை)

பதிந்ததைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். நியூயோர்க்கின் ஹார்லெமில் 1969-இல் நடந்த இசை விழாவின் சுமார் நாற்பது மணி நேரப் பதிவு ஐம்பது வருடம் பெரும்பாலும் வெளிவராமல் கிடந்து 2021-இல்தான் படமானது. அந்த நாடா எப்படியோ தப்பியது. நம் மெமரி அட்டை அத்தனை வருடம் தாங்காது. இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்றை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள்.

மேட்டுலயம் (மஸ்கெலியா)

நேற்று இரவு காட்டினோம். மழை பிடித்துக்கொண்டது, இருந்தும் முப்பதுக்கு மேல் வந்தார்கள். அந்த எட்டு நிமிட வண்ணப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டு அமைதியாக்கிவிட்டு டெக்சஸ் படத்தைத் தொடங்கினேன். டீச்சர் சொன்னது போல மைக்கில் நான்தான் சொன்னேன். முதல் பாட்டில் என்னையறியாமல் பேசிவிட்டேன், பின்வரிசையிலிருந்து ‘பேசாதே தம்பி, கேட்க விடு’ என்று ஒரு குரல். அதற்குப் பிறகு பேசவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பணிய லயத்துப் பெரியவர் ஒருவர் (தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர்) ‘கான் (வடிகால்) வெட்டும்போது நாங்களும் இப்படிக் குரல் கொடுத்திருக்கிறோம்’ என்றார். அவருடைய மனைவி, ‘அது பாட்டா, கத்தல்’ என்றார். இருவருக்கும் வாக்குவாதம். கடைசியில் பெரியவர் எழுந்து, மண்வெட்டி பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு ஒரே ஓர் அடி பாடினார். மூச்சு வாங்கியதால் நிறுத்திவிட்டார். மறுபடி கேட்டதற்கு, ‘இப்படி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் வராது, கானுக்குப் பக்கத்தில் வந்து கேள்’ என்றார். டீச்சர், கூட்டத் தாளம் தப்பிலும் கும்மியிலும் மட்டும் இருந்தது என்று எழுதினீர்களே, இவரை நீங்களும் ஒரு தடவை கேட்க வேண்டும்.

டிக்கோயா அண்ணா, அந்தக் கருவியை இந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வர முடியுமா? காலை எட்டு மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறேன், மஸ்கெலியா பஸ்ஸில் சேர்ந்து போகலாம். பத்து மணிக்கு மேல் பனி இறங்கிவிடும், பெரியவருக்கு நெஞ்சு இழுக்கும். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.